எதிர்க்கரையின் ஒன்பது மரங்கள்

நல்ல உப்புத்தாள் இப்போதெல்லாம் கிடைப்பதில்லை, ஐயா. கடையில் கேட்டால் எதையோ சுருட்டிக் கொடுக்கிறார்கள். பத்து முறை இழுப்பதற்குள் மணல் உதிர்ந்து வெறும் தாள் கையில் நிற்கிறது. நாள் முழுக்க அங்கே என்னதான் செய்வீர்கள் என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடங்களாக நான் செய்த வேலையில் பாதி, தேய்ப்பதுதான். மீதிப் பாதி, எண்ணுவது.

நிற்கிற மரத்தில் ஒரு குழல் போன்ற திருகாணியைச் செலுத்தி எடுத்தால் பென்சில் கனத்துக்கு ஒரு குச்சி வரும். மரத்துக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் குச்சியைப் பளபளவென்று தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் வருடத்துக்கு ஒரு வளையமாகக் கோடுகள் தெரியும். நல்ல மழை பெய்த வருடம் அகலமாக இருக்கும். வறண்ட வருடம் மயிரிழையாக இருக்கும். நூறு மரங்களை அப்படிப் பார்த்தால் முந்நூறு வருடங்களில் எந்த வருடம் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அளவுகோல் நட்டு ஆற்றை அளக்கத் தொடங்கி அறுபது வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் நடந்ததற்கு மரம்தான் சாட்சி.

அந்தச் சாட்சியிடம் ஒரு குணம் உண்டு. மிகக் கொடிய பஞ்ச வருடத்தில் மரம் வளையமே போடாமல் விட்டுவிடும். வெறுமனே எண்ணிக்கொண்டு போகிறவருக்கு அந்த இடத்தில் ஒரு வருடம் குறையும்; அதற்கு முந்தைய எல்லா வருடங்களும் ஒன்று தள்ளிப்போகும். ஆகவே எண்ணினால் போதாது. பக்கத்து மரங்களின் குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டிவைத்து, ஒல்லியும் பருமனும் வரிசையாகப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். மெதுவான வேலை. பதறாத காரியம் சிதறாது என்பார்களே, அது எங்கள் வேலைக்காகவே சொன்னது.

எங்கள் ஆய்வகத்தின் தலைவரை நாங்கள் "அவசரம்" என்றுதான் கூப்பிடுவோம். அவர் இல்லாதபோதுதான். மின்தூக்கியின் பொத்தானை மூன்று முறை அழுத்துவார். தேநீரைச் சுடச்சுடக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார். கையெழுத்துப் போட்ட பிறகுதான் காகிதத்தைப் படிப்பார், அதுவும் நேரம் இருந்தால். கெட்டவர் இல்லை. இதை நான் ஒத்துக்கொள்வதில் உங்களுக்கு ஆச்சரியம் இருக்கலாம்.

என் கணவர் அதே ஆய்வகத்தில் களப்பணியாளர். அவருக்குப் பட்டப்பெயர் "பென்சில்". காட்டில் எடுக்கும் ஒவ்வொரு குச்சியையும் ஒரு காகிதக் குழலுக்குள் போட்டு, அதன்மேல் மரத்தின் எண், எந்தப் பக்கம், தண்ணீர் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், தேதி எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுவார். மை என்றால் ஈரம் பட்டால் ஓடிவிடும். வீட்டிலும் அப்படித்தான், டப்பா மூடியில் எல்லாம் தேதி இருக்கும். கல்யாணமான புதிதில், உன் முதுகிலும் எண் போட்டுவிட்டாரா என்று தோழிகள் கேலி செய்வார்கள். பதினான்கு வருடத்தில் ஒரு குழலில்கூட அவர் மாற்றி எழுதி நான் பார்த்ததில்லை.

நடந்தது இதுதான். தலைவரின் முதல் பெரிய கட்டுரைக்கான குச்சிகளை நான் அளந்துகொண்டிருந்தேன். ஓரிடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. "இங்கே ஒரு வளையம் விடுபட்டிருக்கலாம், மற்றக் குச்சிகளோடு பொருத்திப் பார்க்கவும்" என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அவர் மேசையில் வைத்தேன். அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டே என் இடத்துக்கு வந்தார்.

"ஏம்மா, ஒரு வருஷம் முன்னபின்ன இருந்தா ஆத்துக்குத் தெரியப்போவுதா? கட்டுரையை அனுப்பணும், விடும்மா."

அனுப்பினார். எட்டு மாதம் கழித்து வேறொரு நாட்டு ஆய்வகத்திலிருந்து மிகவும் மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. குறிப்பிட்ட பஞ்சத்துக்கு முந்தைய அத்தனை வருடங்களும் ஒன்று தள்ளி இருப்பதாக.

அதற்காகக் கூட்டம் போட்டார்கள். பதினொரு பேர் இருந்தோம். தலைவர் நின்றுகொண்டே பேசினார். "தப்பு நம்ம கணக்குல இல்ல. களத்துலயே குச்சிங்க மாறிப்போச்சு. குழல்ல பேர் எழுதறதுல கொழப்பம்."

என் கணவர் எழுந்தார். "ஐயா, நான் மாத்தி எழுதலீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார், பிறகு உட்கார்ந்துகொண்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். என்னுடைய துண்டுச்சீட்டு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நான் எழுந்து சொல்லியிருக்கலாம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை போய்விடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதற்காக என்னை நான் குறை சொல்லிக்கொண்டதில்லை. குறை சொல்வதற்கு ஓர் ஆள் ஏற்கெனவே இருந்தார்.

மறுநாள் காலை என் கணவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் அவர் ஆற்றின் எதிர்க்கரையில் ஒன்பது மரங்களில் குச்சி எடுத்து வந்திருந்தார். அந்த ஒன்பதும் பதிவேட்டில் ஏற்றுவதற்காக என் மேசை இழுப்பறையில் இருந்தன.

அவற்றைப் பற்றி உங்களுக்கு விளக்கமாகவே சொல்கிறேன். பெருவெள்ளம் வரும்போது அடித்துவரும் கட்டையும் கல்லும் கரையோர மரங்களின் மேல் மோதிப் பட்டையைப் பெயர்த்துவிடும். மரம் அடுத்த சில வருடங்களில் அந்தக் காயத்தை மூடி வளர்ந்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் லேசான புடைப்புதான். உள்ளே, காயம் பட்ட வருடத்து வளையத்தில் தழும்பு கறுப்பாக அப்படியே இருக்கும். வளையத்தை எண்ணினால் வெள்ளம் வந்த வருடம் கிடைக்கும். தழும்பின் உயரத்தை அளந்தால் தண்ணீர் எங்கே வரைக்கும் வந்தது என்று தெரியும். அந்த ஒன்பது மரங்களிலும் முந்நூறு வருடத்தில் நான்கு தழும்புகள். கடைசியானது எண்பது வருடத்துக்கு முந்தையது. அதைப் பார்த்த மனிதர் யாரும் மிச்சமில்லை. உயரமோ, யாரும் நினைத்துப் பார்க்காத உயரம்.

நான் அவற்றைப் பதிவேட்டில் ஏற்றவில்லை. என் கணவரைத் துரத்திவிட்டு அவர் கை உழைப்பில் அந்த மனிதர் இன்னொரு கட்டுரை எழுதுவதா என்று ஆத்திரமாக இருந்தது. வீட்டுக்கு எடுத்துவந்து துணி அலமாரியில் வைத்தேன்.

என் கணவருக்கு அதற்குப் பிறகு சரியான வேலை கிடைக்கவில்லை. குச்சி மாற்றுகிறவர் என்ற பெயர் அவருக்கு முன்னால் போய்ச்சேர்ந்துவிடும். கடைசியில் ஒரு மரக்கிடங்கில் வாயிற்காவலராகச் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் அறுத்துப்போட்ட அடிமரங்களின் முன் குந்தி உட்கார்ந்து வளையம் எண்ணுவாராம். ஒருநாள் பிற்பகல் அப்படி எண்ணிக்கொண்டிருந்தபோது மேலே அடுக்கியிருந்த கட்டைகள் உருண்டன. அது விபத்துதான். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் ஒரு மனிதர் ஏன் அங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேட்டால் அதற்கு ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணம் அன்று சாயங்காலம் பூமாலையோடு என் வீட்டுக்கு வந்து, ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனது.

அந்தக் கணத்திலிருந்து நான் அவரை வெறுத்தேன். சத்தம் போட்டு அல்ல. வேலைக்கு ஒழுங்காகப் போனேன். காலை வணக்கம் சொன்னேன்.

ஒரு வருடம் கழித்து அரசாங்கத்திலிருந்து வேலை வந்தது. ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் இரண்டாயிரம் வீடுகள் கட்டப் போகிறார்கள். கரை எவ்வளவு உயரம் எழுப்ப வேண்டும், பழைய வெள்ளங்கள் எதுவரை வந்தன என்று மரங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் தாழ்நிலத்துக்கு நேர் எதிர்க்கரையில்தான் ஒன்பது மரங்களும் நின்றன.

தலைவர் அளக்கும் பொறுப்பை முழுக்க என்னிடம் விட்டார். "நீ பாத்துட்டா நான் பாத்த மாதிரிம்மா" என்றார். பழைய தவறுக்குப் பிறகு அவர் என்னை அப்படி நம்பத் தொடங்கியிருந்தார். ஆற்றின் போக்கில் இன்னும் கீழே, ஆறு அகன்று ஓடும் இடத்து மரங்களை மட்டும் அளந்து கொடுத்தேன். அங்கே தண்ணீர் பரந்துவிடும். தழும்புகள் தாழ்வாகத்தான் இருக்கும். நான் கொடுத்த ஒவ்வோர் எண்ணும் சரியானது. நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கரை கட்டும் எஞ்சினியர் ஒருநாள் ஆய்வகத்துக்கு வந்தார். இளவயதுக்காரர், கேள்வி கேட்கிறவர். "மேடம், எதிர்க்கரையில கெழட்டு மரங்க நிக்குதே, அதைப் பாக்கலியா?" என்றார்.

"பார்த்தோம். உள்ளே எல்லாம் உளுத்துப்போச்சு. குச்சியே முழுசா வரலை" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு, வண்டிகள் இறங்கப் பாதை போட வேண்டும், அந்த மரங்கள் ஆய்வுக்கு வேண்டாமென்றால் வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். ஆய்வகத்தின் ஒப்புதல் கடிதம் தேவைப்பட்டது. நானே தட்டச்சு செய்து வேறு ஏழு காகிதங்களுக்கு நடுவில் வைத்துத் தலைவரிடம் நீட்டினேன். எட்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வேற?" என்றார்.

மரங்கள் வெட்டப்பட்டன. கரை எழும்பியது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன என்று உலகம் சொல்லும். எங்களுக்குச் சாணுக்கும் முழத்துக்கும்தான் சம்பளம், ஐயா. கரையின் மேல்விளிம்பு, என் அலமாரியில் இருந்த உயரத்துக்கு ஓர் ஆள் உயரம் கீழே இருந்தது.

என் எண்ணம் எளிமையானது. என்றைக்காவது வெள்ளம் வரும். மறுநாள் ஒன்பது குழல்களையும் எடுத்துக்கொண்டு போய், "என் கணவர் முன்பே சொன்னார், இந்த மனிதர் மூடி மறைத்தார், மரங்களையும் வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்" என்று சொல்ல வேண்டும். பதினொரு பேர் முன்னால் போன பெயர் ஊர் முன்னால் திரும்பி வரும். அவர் பெயர் அதே ஊர் முன்னால் நாறும். முந்நூறு வருடத்தில் நான்கு முறை வந்த வெள்ளம். போன முறை வந்து எண்பது வருடம் தாண்டிவிட்டது. முறைப்படி பார்த்தால் ஆறுதான் தாமதம் செய்துகொண்டிருந்தது. எனக்குப் பொறுமை உண்டு.

நடுவில் என் நாத்தனார் ஒருநாள் ஓடிவந்தாள். கணவரின் தங்கை, மேட்டுத்தெருவில் வாடகைக்கு இருக்கிறாள். "அண்ணி, புதுக் குடியிருப்புல எனக்குக் குலுக்கல்ல வீடு விழுந்திருக்கு! தண்ணி கிண்ணி வருமா சொல்லுங்க, நீங்கதானே அளந்தீங்க?"

"தண்ணீர் எல்லாம் வராது. ஆனா அங்கே ஈரம் ஜாஸ்தி. உனக்கு ஏற்கெனவே இழுப்பு. பேசாம மேட்டிலேயே இரு."

"நான் சொந்த வீட்டுல கால நீட்டிப் படுத்தா உங்களுக்குப் பொறுக்காதே" என்று சிரித்தாள். ஆனால் என் பேச்சைக் கேட்டாள். வீட்டைத் தன்னோடு வேலை செய்யும் தையல்காரிக்கு மாற்றிக் கொடுத்தாள். உங்கள் பட்டியலில் அந்தத் தையல்காரியும் அவள் பிள்ளைகள் இருவரும் இருக்கிறார்கள். வரிசை எண் பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

தலைவர் ஓய்வு பெறுவதற்கு முதல் வாரம் என் வீட்டுக்கு வந்தார். அன்று மட்டும் அவர் அவசரப்படவில்லை. தேநீர் ஆறி ஆடை கட்டியது. "அந்தத் தப்பு என்னோடதும்மா. உன் சீட்டைக் கிழிச்சுப் போட்டது நான்தான். அந்த மனுஷன் மேல போட்டுட்டேன். தூக்கம் வரல" என்றார். நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு கடிதமாகக் கொண்டுவந்திருந்தார். எங்கே வேண்டுமானாலும் வெளியிட்டுக்கொள் என்றார்.

வாசல்வரை போனவர் திரும்பினார். "அந்தக் கரைக் கணக்குல ஒண்ணும் சந்தேகம் இல்லியே? இருந்தா இப்பவே சொல்லு, திருத்திடலாம். இந்தத் தடவை என் பேரு போனாலும் பரவால்ல."

"ஒண்ணும் இல்லைங்க. தைரியமாப் போங்க" என்றேன்.

நீங்கள் நிமிர்ந்து பார்க்கிறீர்கள். கேட்டது கைக்கு வந்துவிட்டதே, பிறகு என்ன என்கிறீர்கள். ஒரு கடிதம் அவரைத் தப்புச் செய்து வருந்திய மனிதராக்கியிருக்கும். ஊர் அவரை மெச்சியிருக்கும். என் கணவர் பிணமாகக் கிடந்த வீட்டில் கடிகாரம் பார்த்தவர் அவ்வளவு மலிவாகத் தப்பிப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. கடிதத்தைக் குழல்களோடு சேர்த்து வைத்தேன்.

இரண்டு வருடம் முன்பு அவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். நான் போய் மாலை வைத்தேன். அப்போதாவது ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். ஆள் போய்விட்டார், ஆனால் பெயர் இருந்ததே. ஆய்வகத்தின் புதுக் கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். தினமும் காலையில் அந்த எழுத்துக்களுக்குக் கீழேதான் நான் நுழைந்தேன்.

பிறகு இந்த வருடம் அந்த மழை. மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை ஆய்வகத்தின் மாடி ஜன்னலில் நின்றேன். பத்து நாற்பதுக்குத் தண்ணீர் கரையின் விளிம்பைத் தொட்டது. எச்சரிக்கை கொடுக்க முந்தைய இரண்டு நாளும் எனக்கு நேரம் இருந்தது, உண்மைதான். அந்த நேரத்தில் செய்தியாளர்களைப் பார்க்கப் போவதற்காக ஒரு நல்ல உடையை இஸ்திரி போட்டு வைத்தேன். மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு சுவர்களில் இருந்த சேற்றுக் கோட்டை அளந்தேன். என் கணவர் பென்சிலால் எழுதியிருந்த உயரத்துக்கும் அதற்கும் நான்கு விரல்தான் வித்தியாசம். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்கவில்லை, அழுகையே வந்துவிட்டது. எவ்வளவு துல்லியமான மனிதர்!

நாற்பத்தேழு பேர் என்கிறீர்கள். செய்தித்தாளில் நாற்பத்தாறு என்று போட்டிருந்தது. ஒன்று விடுபட்டிருக்கும், எண்ணும்போது அப்படி ஆவதுண்டு.

குழல்களோடு உங்களிடம் வந்து நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தை நான்கு நாள் நம்பினீர்கள். தலைவரின் பெயர்ப்பலகையைக்கூடக் கழற்றிவிட்டார்கள். ஐந்தாம் நாள் என் நாத்தனார் வந்து, தையல்காரியின் பிள்ளைகளுடைய படத்தை உங்கள் மேசையில் வைத்து, "அண்ணிக்குத் தெரியும். என்னை மட்டும் போக வேணாம்னாங்க" என்று சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளைக் காப்பாற்றியது நான்தான் என்பதை அவளே ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பது குச்சிகளையும் மறைத்தது நான். மரங்களை வெட்ட வைத்தது நான். தலைவருக்கு எதுவும் தெரியாது.

அவள் இன்னொன்றும் சொன்னதாகச் சொல்கிறீர்கள். மரக்கிடங்கில் வேலை பார்த்த இரண்டு வருடமும் அவள் அண்ணன் அந்த ஒன்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார் என்று. அது சரிதான். குச்சிகளைக் கொண்டுவந்த அன்றே, "இதை உடனே குடுத்துரு. அந்தப் பள்ளத்துல யாராச்சும் வீடு கட்டிறப் போறாங்க" என்றார். வேலை போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்பார்.

"ஏம்மா, அந்த ஒம்போதையும் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"பாத்தாங்களா? என்ன சொன்னாங்க?"

"நல்ல வேலைன்னு சொன்னாங்க. உங்க பேரைப் போடுவாங்களாம்."

அவர் முகம் மலர்ந்துவிடும். "பேரு கெடக்கட்டும்மா. சனங்க தப்பிச்சாப் போதும்" என்பார். இறப்பதற்கு முந்தைய ஞாயிறும் அதையேதான் சொன்னார்.

நான் பொய் பேசிப் பழகியவள் இல்லை, ஐயா. என் வாழ்நாளில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்; அதுவும் அவர் மனம் நோகக் கூடாதே என்பதற்காகச் சொன்னது.